இருபத்திரண்டு நிமிடம்

அந்த ஓட்டலில் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்தவள் பெரியக்கா. ஆனால் அதன் முன்வாசலை அவள் மிதித்தது, வேலை போய் இரண்டு வருடம் ஆகப்போகும் சமயத்தில், ஒரு மழைநாள் மத்தியானம்.

வேலைக்கு வந்துபோன காலமெல்லாம் அவளுக்குப் பின்பக்கச் சந்துதான். குப்பை லாரி நிற்கும் இடத்தைத் தாண்டினால் சலவைக்கூடத்தின் ஆவி முகத்தில் அடிக்கும். அதை ஒட்டி ஓர் இரும்புக் கதவு. நகைக்கடைகளும் கண்ணாடிக் கட்டிடங்களும் வரிசையாக நிற்கிற முன்பக்கத் தெருவை அவள் மேலிருந்து, நாலாவது மாடி ஜன்னல்களைத் துடைக்கும்போது பார்த்திருக்கிறாள். கீழே இருந்து பார்த்ததில்லை.

பழைய கட்டிடத்தைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று ஓட்டலை மூடியபோது, அறை சுத்தம் பண்ணும் பிரிவில் அறுபத்து நாலு பேர் இருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து டீயும் கேக்கும் கொடுத்து, "வேலை முடிஞ்சதும் உங்க எல்லாரையும் கூப்பிடுவோம்" என்றார்கள். பெரியக்கா நம்பினாள். குளிக்கப் போனாலும் போனைக் கையோடு எடுத்துப் போனாள். பதினாலு மாதம் கழித்து ஓட்டலைத் திறந்தார்கள். ஒரு காண்ட்ராக்டர் மூலமாக இருபத்தேழு பேருக்கு அழைப்புப் போனது. அவளுக்குப் போகவில்லை. நாலாவது மாடிக்கே தலைவியாக இருந்தவள் போய் வாசலில் நின்று கேட்கவா என்று ரோஷத்தோடு இருந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தத் தெரு வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறுவதில்லை.

ஏழு மாதம் போயிற்று. ஒருநாள் மகன் வந்து, "ஆபீஸ்ல ரெண்டு ரூம் ஒரு நாளைக்கு ஓசில குடுத்திருக்காங்கம்மா. உன் பழைய ஓட்டல்லதான். போய்ட்டு வரலாமா?" என்றான்.

"எனக்கெதுக்குடா அது. நீயும் அவளும் போங்க."

மருமகள் விடவில்லை. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். பயந்து வருகிற ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்துப் பழகிய வாய். "அத்தை, இத்தனை வருஷம் மத்தவங்க படுக்க மெத்தை விரிச்சீங்க. ஒரே ஒரு நாள் நீங்க படுத்தா மெத்தை கோவிச்சுக்குமா? எனக்கும் லீவு இருக்கு, வாங்க" என்றாள். பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டால் அப்புறம் மறுக்க முடியாது.

வாசலில் தொப்பி போட்ட காவலாளி குடையோடு ஓடி வந்து கதவைத் திறந்தான். பெரியக்கா பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஒதுங்கி நின்றாள். "உங்களுக்குத்தான் அத்தை" என்று மருமகள் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். உள்ளே போனதும் கால் தானாகச் சாமான் ஏற்றுகிற லிஃப்ட் பக்கம் திரும்பியது. அங்கே இப்போது வாசனை மெழுகுவத்தி விற்கும் கடை இருந்தது.

கொடுத்தது நாலாவது மாடியில். நானூற்றுப் பன்னிரண்டும் பதினாலும் நடுவில் கதவு வைத்து ஒன்றாக்கப்பட்டிருந்தன. பெரியக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். படுக்கை முன்னைவிட ஒரு சாண் உயரம். குளியலறைச் சுவரையே எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்திருந்தார்கள். தரை, தொட்டி, முகம் கழுவுகிற இடம் எல்லாம் கறுப்புக் கல்.

"நல்லாயிருக்கில்லம்மா?" என்றான் மகன்.

"கறுப்புக் கல்லை எவன்டா எடுத்தான்? ஒரு சொட்டுத் தண்ணி காஞ்சாலும் வெள்ளையா நிக்குமே. இதை ஈரத்துணியால ஒரு தடவை, காஞ்ச துணியால ஒரு தடவை துடைக்கணும். கண்ணாடிச் சுவர் வேற. குளிக்கறவன் கைய எங்கெங்க வைப்பான்னு ஒருத்தனும் யோசிக்கலையா?"

"எல்லாம் ஒரு டிசைன்தான்."

"டிசைன் போட்டவன் ஒரு நாள் துடைச்சுப் பாக்கணும்."

மகன் பெட்டியைத் திறப்பதில் மும்முரமானான். பெரியக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சுவரும் தரையும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டினாள். விரல் சாம்பல் நிறமாக வந்தது. முழங்காலை ஊன்றிக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். யாருடைய காலுறையோ ஒன்று கிடந்தது. தொட்டியின் சல்லடை மூடியைத் தூக்கினாள். ஒரு கொத்து முடி. தண்ணீர் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்பில் உதட்டுச் சாயம்.

"யாரு பாக்கறா இந்த மாடியை? அழுக்கை அழுக்குமேலயே மடிச்சு வச்சிருக்காளுங்க. என் கைக்குக் கீழ இருந்திருந்தா இந்தத் தலைகாணியாலயே அடிச்சிருப்பேன்."

"விடேம்மா. ஒரு நாள் ராஜா மாதிரி இருந்துட்டுப் போலாம்னு வந்தா, போலீஸ் மாதிரி தேடறே."

"ராஜா மாதிரியா? இந்த டம்ளர்ல நீ தண்ணி குடி, பாக்கறேன்."

அவன் குடிக்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்த் தானே கழுவினான். அன்று பொழுது சாய்ந்ததும் கீழே போய்ச் சாப்பிட்டார்கள். ஒரு முழ அகலத் தட்டில் இரண்டு விரல் அகல மீன். "பாவம், மீனு வழி தெரியாம நடுவுல நிக்குது" என்றாள் பெரியக்கா. மருமகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மகனும் சிரித்தான். அவர்கள் மூவரும் ஒன்றாகச் சிரித்தது, அதற்கப்புறம் வெகுநாள் வரைக்கும், அதுதான் கடைசி.

மறுநாள் காலையும் மழை விடவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது கோட்டு போட்ட மேனேஜர் நேராக அவர்கள் மேஜைக்கு வந்து மகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். புது ஆள், பெரியக்காவை அவருக்குத் தெரியாது.

"ரூம் வசதியா இருந்துச்சா சார்? இவங்க உங்க அம்மாவா? அம்மா, உங்க பையன் சாதாரண ஆளு இல்ல. இந்த ஓட்டல் இன்னிக்கு லாபத்துல ஓடுதுன்னா சாரோட டீம் போட்டுக் குடுத்த திட்டம்தான். சுத்தம் பண்ண மட்டும் அறுபத்து நாலு பேரை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு முழிச்சிட்டு இருந்தோம். இருபத்தேழு போதும்னு அழகா எழுதிக் குடுத்தாரு. அதான் முதலாளியே இந்த ரூமைக் குடுக்கச் சொன்னாரு."

மருமகள் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. மகன் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேனேஜர் இன்னும் இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டுப் போனார்.

பெரியக்கா தட்டில் இருந்த முட்டையை முழுவதும் சாப்பிட்டாள். காப்பியையும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மேல வாங்க ரெண்டு பேரும்" என்றாள்.

நாலாவது மாடி நடையில், அவர்கள் அறைக்குப் பக்கத்து அறை வாசலில், துணிகள் அடுக்கிய தள்ளுவண்டி நின்றது. உள்ளிருந்து அழுக்கு விரிப்புகளை மார்போடு அணைத்தபடி ஒருத்தி வெளியே வந்தாள். சுருண்ட முடியை வைத்தே அடையாளம் தெரிந்தது. சுருட்டை. பெரியக்காவின் குழுவிலேயே வயதில் சின்னவள். பெரியக்காதான் கூடவே நின்று வேலை பழக்கியவள். இப்போது கன்னம் ஒட்டியிருந்தது. மணிக்கட்டில் துணிப்பட்டை சுற்றியிருந்தாள்.

"பெரியக்கா. நீங்க எப்படி இங்க?"

"இந்த மாடியை நீயா பாக்கறே?"

சுருட்டைக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்தாள். "கட்டிலுக்கு அடியில பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாக்க நேரம் இல்லக்கா. ஒரு ரூமுக்கு இருபத்திரண்டு நிமிஷம். இதோ, இதைக் கழுத்துல மாட்டி விட்டிருக்காங்க." போன் மாதிரி ஒரு கருவியைக் காட்டினாள். "உள்ள போறப்போ தட்டணும், வெளிய வரப்போ தட்டணும். தாண்டினா சிவப்பா மாறிடும். மூணு சிவப்புக்கு மேல போனா அன்னிக்கு உக்காந்து சாப்பிட முடியாது, அந்த நேரத்துல இன்னொரு ரூம். முன்னெல்லாம் நமக்குப் பதினோரு ரூம்தானே. இப்போ பதினாறு. அதுவும் இந்தக் கறுப்புக் கல்லோட."

"இருபத்திரண்டுன்னு எவன் சொன்னான்?"

"யாரோ வெளிக் கம்பெனியாம். ஒருத்தரும் வந்து பாக்கலை. தாள்ல வந்துச்சு."

பெரியக்கா திரும்பி மகனைப் பார்த்தாள். பிறகு சுருட்டையிடம், "எங்க ரூமுக்கு எப்போ வருவே?" என்று கேட்டாள்.

"அடுத்து அதுதான்."

"வா."

அறைக்குள் போனதும் பெரியக்கா உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"எப்போடா இதை எழுதினே? நான் போனைத் தூக்கிட்டு அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் அலைஞ்சிட்டு இருந்தேனே, அப்பவா?"

"ஆபீஸ்க்கு வந்த வேலைம்மா. நான் போடலைன்னா பக்கத்து சீட்டுக்காரன் போட்டிருப்பான்."

"பக்கத்து சீட்டுக்காரனை நான் பெறலையே."

"பேரெல்லாம் எங்க கைக்கு வராதும்மா. யாரு யாருன்னு நாங்க பாக்கறதில்ல. வெறும் எண்ணிக்கைதான்."

"சரி. அந்த எண்ணிக்கையில நான் எத்தனாவது?"

மருமகள், "உங்கம்மா கேக்கறாங்க இல்ல, சொல்லுங்க" என்றாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து பெரியக்கா கேட்டதில்லை.

"உன்னை எப்படியாவது உள்ள வைக்கணும்னுதான் நினைச்சேன்மா. காண்ட்ராக்டர்கிட்டயே சொல்லிப் பாத்தேன். வயசு மேல போயிடுச்சுன்னுட்டான். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நாள் போகப் போகச் சொல்லவே முடியல."

"அதுக்குத்தான் ராஜா மாதிரி படுக்கக் கூட்டிட்டு வந்தியா? நம்மளைத் துரத்தின கூலிக்குக் கிடைச்ச மெத்தையில என்னையே படுக்க வச்சிருக்கே."

"அப்படி இல்லம்மா."

"இருபத்திரண்டு எங்கேருந்து வந்துச்சு? நீ ஒரு நாளாவது இங்க வந்து நின்னு பாத்தியா? ஒரு ரூமைத் தொடைச்சுப் பாத்தியா?"

மகன் ஜன்னலைப் பார்த்தான். மழைத்தண்ணீர் கண்ணாடியில் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"உன்கிட்டதான்மா கேட்டேன்" என்றான்.

"என்கிட்டயா?"

"ஓட்டலை மூடி ரெண்டு மாசம் இருக்கும். சாப்பிட்டுட்டு இருந்தோம். ஒரு ரூமை ரொம்ப வேகமா எவ்வளவு நேரத்துல முடிக்கலாம்னு கேட்டேன். யாரோ பெரிய ஆளு கீழ காத்துட்டு இருந்தப்போ இருபத்திரண்டு நிமிஷத்துல மொத்த ரூமையும் முடிச்சேன், மேனேஜரே கையைத் தட்டினாருன்னு சொன்னே. ரொம்ப சந்தோஷமா சொன்னே. நான் அதையே போட்டுட்டேன்."

பெரியக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொன்னது ஞாபகம் இருந்தது. எழுந்து நின்று, கையில் இருந்த கரண்டியால் விரிப்பை உதறுகிற மாதிரி நடித்துக்கூடக் காட்டியிருந்தாள். வேலையில்லாமல் வீட்டில் கிடந்த நாட்களில் மகன் தன் வேலையைப் பற்றிக் கேட்கிறானே என்று அவளுக்கு அன்றெல்லாம் மனசு குளிர்ந்துபோயிருந்தது.

வாசலில் நின்ற சுருட்டை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ஒரு நாள்டா" என்றாள் பெரியக்கா. குரல் உடைந்து, உடனே திரும்ப ஏறியது. "ஒரே ஒரு ரூம். எனக்கு அப்போ முப்பத்தெட்டு வயசு. அதுக்கப்புறம் மூணு நாள் இடுப்பைப் பிடிச்சிட்டுக் கிடந்தேன், நீதான் சுடுதண்ணி வைக்கத் தெரியாம கையைச் சுட்டுக்கிட்டே. அதைச் சொன்னேனா? சொல்லல. பெருமைக்குச் சொன்னதை எடுத்துட்டுப் போய் ஊரார் கழுத்துல மாட்டிட்டியே."

அவள் வண்டியில் இருந்து துவைத்த விரிப்புகளை எடுத்து மகன் கையில் வைத்தாள்.

"போடு."

"அம்மா."

"இருபத்திரண்டு நிமிஷம். நீதானே எழுதினே. போட்டுக் காட்டு." மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ உன் போன்ல மணி பாரும்மா. புருஷன்னு ஒரு நிமிஷம்கூடக் குறைக்காதே."

"குறைக்க மாட்டேன் அத்தை" என்றாள் மருமகள். சுருட்டை கழுத்தில் இருந்த கருவியைத் தட்டினாள்.

மகன் சட்டைக் கையை மடித்தான். பழைய விரிப்பை உருவினான். அது மெத்தையின் மூலையில் மாட்டிக்கொண்டது. புது விரிப்பை உதறியபோது அது பாதியில் மடங்கி அவன் தலைமேலேயே விழுந்தது. மெத்தையைத் தூக்கி மூலையை மடிக்கப் போனான். ஒரு பக்கம் மடித்தால் மறுபக்கம் வெளியே வந்தது. நான்கு மூலைக்கும் அவன் கட்டிலை ஒன்பது தடவை சுற்றினான். "இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கு" என்று பெரியக்கா தன்னை அறியாமல் சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். தலையணை உறைகளுக்கு ஆறு நிமிடம். படுக்கை முடிந்தபோது மருமகள், "பத்தொம்பது" என்றாள்.

கறுப்புக் கல்லில் அவன் தண்ணீர் ஊற்றித் தேய்த்தான். துடைத்தான். திரும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. மறுபடி துடைத்தான். தொட்டிக்குள் இறங்கி முட்டிபோட்டுச் சல்லடையில் இருந்த முடியைக் கையால் எடுத்தபோது குமட்டியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுருட்டையின் கழுத்தில் இருந்த கருவி கத்த ஆரம்பித்தது. அதன் முகப்பு சிவப்பாகியிருந்தது. அவள் அதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"முப்பத்தாறு" என்றாள் மருமகள்.

அப்போதுதான் மேற்பார்வையாளன் வந்தான். ஒல்லியான ஆள், கையில் ஒரு பட்டியல். சிவப்பு அவனுடைய கருவியிலும் தெரியுமாம். உள்ளே எட்டிப் பார்த்தவன், தொட்டிக்குள் நிற்கிற விருந்தாளியையும் வாசலில் சும்மா நிற்கிற சுருட்டையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன நடக்குது? கெஸ்ட்டை வேலை வாங்கிட்டு நீ வேடிக்கை பாக்கறியா? கருவியைக் கழட்டு. காண்ட்ராக்டர்கிட்ட பேசிக்கறேன்."

சுருட்டையின் முகத்தில் ரத்தம் இல்லை. பெரியக்கா ஓரடி முன்னால் வந்தாள். எல்லாவற்றையும் தான் செய்துவிட்டுப் பழி அந்தப் பெண்ணின் தலையில் இறங்குவது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மகன் தொட்டியை விட்டு வெளியே வந்தான். கையில் ஈரத்துணி.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் நிக்கச் சொன்னேன். இந்த இருபத்திரண்டு நிமிஷத்தை எழுதிக் குடுத்தது எங்க கம்பெனி. சரியா இருக்கான்னு செஞ்சு பாக்கறேன். உங்க மேனேஜரைக் கேளுங்க, என்னைத் தெரியும்."

மேற்பார்வையாளன் குழம்பினான். "இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு சார்?"

மகன் மனைவியைப் பார்த்தான். "நாப்பத்தொண்ணு" என்றாள் அவள்.

"இன்னும் கண்ணாடிச் சுவரைத் தொடவே இல்ல" என்றாள் பெரியக்கா. "அதையும் எழுதிக்குங்க."

அவன் எழுதிக்கொண்டான். மேனேஜருக்குப் போன் பண்ணி ஏதோ கேட்டான். சுருட்டையைப் பார்த்து, "சரி, வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சுருட்டை உள்ளே வந்தாள். மகன் போட்ட விரிப்பை ஒரே இழுப்பில் உருவிவிட்டு முதலிலிருந்து போட ஆரம்பித்தாள். பெரியக்கா மறுபக்க மூலையைப் பிடிக்கப் போனாள்.

"வேணாம்க்கா. விடுங்க."

"இந்த ரூமை நான் பாத்துக்கறேன்டி. என்னாலதானே நேரம் போச்சு."

"நீங்க இன்னிக்குக் கை குடுத்தா இன்னிக்கு முடிஞ்சிடும். முடிஞ்சுதே, அப்போ இருபத்திரண்டு சரிதான்னு நாளைக்குச் சொல்லுவாங்க. ஒரு தடவை நீங்க வேகமா செஞ்சதே போதும்." அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "உங்களுக்குக் கோவப்பட நேரம் இருக்கு பெரியக்கா. எனக்கு இன்னும் ஒன்பது ரூம் இருக்கு."

பெரியக்கா கையை எடுத்துக்கொண்டாள். ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் இன்னொருத்தி வேலை செய்ய, அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சுருட்டை கல்லை ஈரத்துணியால் ஒரு தடவையும் காய்ந்த துணியால் ஒரு தடவையும் துடைத்தாள். வெளியே போய்க் கருவியைத் தட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் யாரும் பேசவில்லை. அன்று நின்றுபோன பேச்சு பிறகும் தொடங்கவில்லை. பெரியக்கா சமைத்தாள், துணி மடித்தாள், மருமகளோடு பேசினாள். மகன் இருக்கிற அறையில் மட்டும் வாய் திறக்க மாட்டாள். அவனுக்குத் தட்டு வைப்பாள். அவன் உட்காருவதற்குள் எழுந்து போய்விடுவாள். மருமகளும் அவனுக்காகப் பரிந்து ஒரு சொல் பேசவில்லை. சுருட்டைக்கு இரண்டு தடவை போன் பண்ணிப் பார்த்தாள் பெரியக்கா. மணி அடித்து அடித்து நின்றது.

இப்படியே ஐந்து வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு, குழம்பு, பொரித்த மீன். பெரியக்கா தட்டை வைத்துவிட்டுத் திரும்பியபோது மகன், "மாத்திட்டாங்கம்மா" என்றான்.

அவள் நின்றாள்.

"நான் எழுதிக் குடுத்தேன். ஆபீஸ்ல பெரிய சண்டை. நாமளே குடுத்ததை நாமளே தப்புன்னு சொல்றதான்னு கேட்டாங்க. ஆனா அந்த ஓட்டல் ஆளே எழுதி வச்சிருந்ததால மறுக்க முடியல. நேத்துதான் முடிவு வந்துச்சு."

"எவ்வளவு?"

ஐந்து வாரத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"இருபத்தாறு."

"நாலு நிமிஷமா?"

"ஆமா."

"நாலு நிமிஷத்துல அந்தக் கறுப்புத் தொட்டியை ஒரு தடவை துடைக்கலாம். ரெண்டாவது தடவைக்குப் பத்தாது." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ எவ்வளவுன்னு எழுதினே?"

"நாப்பத்தொண்ணுன்னுதான் எழுதினேன்மா. அது பழக்கமில்லாத ஆளோட நேரம்னு தள்ளிட்டாங்க."

"தள்ளினப்போ நீ என்ன சொன்னே?"

அவன் தட்டைப் பார்த்தான்.

"முப்பத்தஞ்சுடா. பழகின கைக்கு முப்பத்தஞ்சு நிமிஷம். ஒரு நாள் இல்ல, இருபத்து மூணு வருஷம் செஞ்ச கணக்கு. இதைப் பெருமைக்குச் சொல்லல. யாரு சொன்னாங்கன்னு கேட்டா எங்கம்மா சொன்னாங்கன்னு சொல்லு."

"மறுபடி போய்க் கேட்டா என்னையே வெளிய அனுப்பிடுவாங்கம்மா."

"அனுப்பட்டும். வீட்டுல உக்காந்து போன் வரும்னு காத்திருக்கறது எப்படின்னு நான் உனக்குச் சொல்லித் தரேன்."

மருமகள் தலை குனிந்தபடி மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். பெரியக்கா எழுந்து போகவில்லை. நாற்காலியை இழுத்து மகனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவன் தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்து அதன்மேல் குழம்பை ஊற்றினாள்.

"சாப்பிடு" என்றாள். "சாப்பிட்டுட்டு உக்காந்து எழுது. நான் பக்கத்துல இருக்கேன்."